மேரு வளைந்த கதை

(பிரதோஷ மாலைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன பிரதோஷத்தன்று பேசி முடித்து இறங்கும்போது ஒரு அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "ஐயா, முதுகில் டிஸ்க் விலகிவிட்டது, குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது வருஷமாகக் கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டவள் நான். இப்போது நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போகிறேன். சாமி ஏற்றுக்கொள்வாரா?" என்றார்கள். ஏற்றுக்கொள்வார் அம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு, அது போதாத பதில் என்று மனசு உறுத்தியது. ஆகையால் இன்றைக்கு முதுகெலும்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

யோக நூல்கள் இதற்கு வைத்த பெயர் மேருதண்டம். மேரு என்றால் உலகத்துக்கே நடுவில் நிற்கிற மலை. அந்த மேருவை என்ன செய்தார் பரமசிவன்? திரிபுரம் என்கிற மூன்று ஊர்களை அழிக்கப் புறப்பட்டபோது பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரம், வேதங்கள் குதிரை, பிரம்மா சாரதி. வாசுகி நாண். திருமால் அம்பு, அதன் நுனியில் அக்கினி. வில்? மேரு. நிமிர்ந்தே நின்று பழகிய மலையைப் பிடித்து வளைத்தார். வளையாத வரைக்கும் அது வெறும் மலை, வளைந்த பிறகுதான் வில்.

நமக்குள் இருக்கிற மேருவும் வளைந்ததுதான். எனக்கு மருத்துவம் தெரியாது. எங்கள் ஊர் எலும்பு மருத்துவர் ஒருவர் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை மேசைமேல் வைத்து ஒரு மாலை முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். பிறந்த குழந்தையின் முதுகைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரே வளைவுதான், கருப்பையில் சுருண்டு கிடந்த அதே வளைவு. மூன்று நான்கு மாதத்தில் குழந்தை தலையை நிமிர்த்திப் பார்க்கும் இல்லையா, அப்போது கழுத்தில் எதிர்ப்பக்கமாக ஒரு வளைவு பிறக்கிறது. நடைவண்டியைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கும்போது இடுப்பில் இன்னொன்று. நிமிரக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் முதுகெலும்பு புதிதாக வளைகிறது. நேரான தடியாக இருந்திருந்தால் நாம் வைக்கிற ஒவ்வொரு அடியும் மண்டையில் போய் இடிக்கும்.

கொடிமரத்துக்கு 32 கணு, முதுகெலும்புக்கும் 32 கணு என்று சொல்வதுண்டு. டாக்டர் எண்ணிக் காட்டியது 33. பெரியவர்களானதும் அடியில் ஐந்து கூடி ஒன்றாகி, அதற்கும் கீழே வால் நுனியில் நான்கு கூடி ஒன்றாகி, 26 ஆகிவிடுமாம். கணக்கு இடித்தால் இடிக்கட்டும். குண்டலினி அங்கே உறங்குகிறது, இங்கே ஏறுகிறது என்றும் மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கண்டவர்கள் பேசட்டும், நான் கண்டதில்லை.

நான் கண்டது அந்த டிஸ்க்கைத்தான். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி 23 வட்டுகள். உள்ளே கூழ்போல ஒரு பொருள், பெரும்பாலும் தண்ணீர். பகலெல்லாம் நின்று, நடந்து, சுமந்து, அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கிவிடுகிறது. காலையில் இருந்த உயரத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இரவுக்குள் குறைந்துவிடுகிறது. படுத்தால்தான் அது திரும்ப ஊறும். எவ்வளவு விறைப்பான ஆளாக இருந்தாலும் ராத்திரியானால் ஆண்டவன் கீழே சாய்த்துவிடுகிறான் பாருங்கள்!

"திரிபுரத்தில் அவர் அம்பே விடவில்லையே, சிரித்தல்லவா எரித்தார்?" என்று புராணம் கேட்டவர்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. நம்மால்தானே இவர் ஜெயிக்கப் போகிறார் என்று தேவர்களுக்குள் ஒரு செருக்கு வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தார். மூன்று ஊரும் சாம்பல். அந்த மூன்று ஊரும் ஆணவம், கன்மம், மாயைதான் என்று பொருள் காட்டிக் கொடுத்தவர் திருமூலர். வளைத்த வில் கையில் இருக்க, எரித்தது சிரிப்பு.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது? வாயிலிருந்து என்போம். ஆனால் விழுந்து விழுந்து சிரித்த பிறகு எது நோகிறது? விலா நோகச் சிரித்தோம் என்று நம் பாட்டிகள் சரியாகத்தான் சொன்னார்கள். துண்டு துண்டாக வெளியே தள்ளப்படும் மூச்சுதான் சிரிப்பு.

அந்த விலா எலும்புகள் 12 ஜோடி. எல்லாம் பின்னால் முதுகெலும்பில்தான் பிறக்கின்றன. மேலே ஏழு ஜோடி முன்னால் வந்து நெஞ்செலும்பை நேராகவே தொடுகின்றன. அடுத்த மூன்று ஜோடிக்கு அவ்வளவு எட்டாது. தனக்கு மேலே இருப்பதன் குருத்தெலும்பில் சாய்ந்துகொள்கின்றன. தானாகப் போய்ச் சேர முடியாதவன் அடியார் தோளைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. கடைசி இரண்டு ஜோடி முன்னால் எதையுமே தொடுவதில்லை. சும்மா நிற்கின்றன. ஆனால் சிறுநீரகத்துக்குப் பின்பக்கம் அவைதான் காவல். கோயிலில் கடைசி வரிசையில் பேசாமல் நிற்கிறவர்களை நான் ஒருபோதும் குறைவாக நினைப்பதில்லை.

கூடு என்கிறோம், ஆனால் இது அசையாத கூடு இல்லை. பின்னாலிருந்து முன்னால் சரிவாக இறங்கித் தொங்குகிற இந்த எலும்புகள், மூச்சை இழுக்கும்போது வாளியின் கைப்பிடியைத் தூக்குகிற மாதிரி மேலே எழுகின்றன. விடும்போது தாழ்கின்றன. நிமிஷத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21,600. சிதம்பரத்தில் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன்னோடு வேய்ந்திருப்பதாகச் சொல்வது இந்தக் கணக்கில்தான். மூச்சுக்கு ஒன்று. கொடிமரக் கணக்கு இடித்தாலும் இது டாக்டரின் கணக்கோடு ஒத்துப்போகிறது. 12 முதல் 20 வரை இயல்பு என்றார் அவர்.

அந்த அம்மா இன்றைக்கும் வந்திருக்கிறார்கள், அதே தூணருகே. அம்மா, திரிபுரம் எரித்த திருவதிகை பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடிலக் கரையில் இருக்கிறது. வில்லை வளைத்த அதே ஊரில்தான் அப்பர் சுவாமிகள் சூலை நோயில் துடித்தார். வலியோடு வந்தவரிடம் சாமி எத்தனை தடவை விழுந்தாய் என்று கேட்கவில்லை. உங்கள் முதுகு நாற்பது வருஷம் வளைந்தது போதும். உங்கள் விலா ஒரு நாளைக்கு 21,600 தடவை எழுந்து எழுந்து தாழ்கிறது. தாழ்வதற்குப் பெயர்தானே வணக்கம்? சந்நிதியில் நின்றபடியே ஒரு மூச்சை முழுதாக விடுங்கள். டாக்டர் சொன்னதை மீற வேண்டாம்.

தீபாராதனை ஆகப்போகிறது. நாற்காலியில் இருக்கிற பெரியவர்கள் எழுந்திருக்க வேண்டாம். சுண்டலும் பானகமும் தெற்கு மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளே, அவர்களைக் குனிந்து வாங்க விடாமல் நீங்கள் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.