தெருவும் அன்பியமும்

நம் பங்குகளில் அருகருகே வாழும் இருபது, முப்பது குடும்பங்கள் ஓர் அன்பியமாக இணைந்து, முறைவைத்து இல்லந்தோறும் கூடுகின்றன. இறைவார்த்தையைச் சேர்ந்து வாசிக்கின்றன; நோயுற்றோரைச் சந்திக்கின்றன; துக்க வீட்டில் துணை நிற்கின்றன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990-ஆம் ஆண்டு விடுத்த ‘மீட்பரின் பணி’ என்னும் சுற்றுமடலில், இத்தகைய அடித்தளச் சமூகங்களைத் திருச்சபையின் உயிர்த்துடிப்புக்கு அடையாளமாகக் கண்டார்.

ஆயினும் ஒரு கேள்வியை நாம் தவிர்க்க இயலாது. அன்பியங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறோம். நம் ஊர்களில் தெருக்களைப் பிரித்தது எது? சாதியன்றோ! சாதி போட்ட கோட்டின்மீதே நாம் அன்பியம் என்று பெயரெழுதினால், அதில் கூடுவது கிறிஸ்துவின் உடலா, உறவின்முறையா?

இது வெறும் ஐயமன்று. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், 2008 மார்ச் 9 அன்று, தலித் கிறிஸ்தவர்களின் தனிப்பங்குக் கோரிக்கையை ஒட்டி மோதல் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இரு தரப்பாரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். ஒரே செபமாலையைச் சொல்பவர்கள். அருகில் வாழ்வது மட்டுமே ஒருவரை அயலாராக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

“ஒடுக்கப்பட்டோர் தங்களுக்குள் கூடும்போதுதானே அஞ்சாமல் மனம் திறக்கிறார்கள்?” என்று கேட்போர் உண்டு. உண்மைதான், அதை நாம் மதிக்கவேண்டும். ஆனால், தாழ்த்தப்பட்டோர் துணிவு பெறத் தனியே கூடுவது வேறு. மற்றோர் தங்கள் திண்ணை தீட்டுப்படாதிருக்கத் தனியே கூடுவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

எருசலேமின் முதல் சமூகத்திலும் இந்நோய் தலைகாட்டியது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டனர். திருத்தூதர்கள் முறையீட்டை மூடிமறைக்கவில்லை. பொறுமை காக்குமாறு போதிக்கவுமில்லை. பந்திப் பொறுப்பை எழுவரிடம் ஒப்படைத்தார்கள். அவ்வெழுவர் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது நம் கவனத்துக்குரியது. புறக்கணிக்கப்பட்டோர் தரப்பின் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது!

நமக்கும் இதுவே வழி. அன்பியம் சிறிதாகவே இருக்கட்டும். ஆனால் அதன் எல்லை தெருமுனையோடு முடியவேண்டாம். மாதம் ஒருமுறையேனும் ஊர்த்தெரு அன்பியமும் காலனி அன்பியமும் சேர்ந்து கூடட்டும். இங்கொரு முறை, அங்கொரு முறை. செபம் முடிந்ததும் அவ்வீட்டு அடுப்பில் கொதித்த தேநீரை அவ்வீட்டுக் குவளையிலேயே அனைவரும் அருந்தட்டும். பொறுப்பாளர் பதவி இரு தெருவுக்கும் மாறிமாறி வரட்டும். முதலில் முணுமுணுப்பு எழும். அதற்கு அஞ்சி அருள்பணியாளர்களாகிய நாம் பின்வாங்கினால், பழி மக்களை மட்டும் சாராது.

கல்வராயன் மலையில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே காடும் பள்ளமும் உண்டு. உறவைக் காண நெடுந்தூரம் நடக்கவேண்டும். சமவெளியில் வாழும் நமக்கோ இடையில் கிடப்பது ஒரு சாலைதான். அதைக் கடந்து, இதுவரை நாம் நுழையாத வீடு எது? நம் அடுத்த அன்பியக் கூட்டம் அங்கே நடக்கட்டும்.