மொட்டையும் சொட்டையும்

தண்டலத்தில் நான் தங்கியிருந்த ரூமில் மூன்று பேர். மினாக்சிடில் பாட்டிலை மூன்று வருஷம் சாக்ஸுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். பிரஷர் மாத்திரையை யாரும் இப்படி ஒளிப்பதில்லை. இத்தனைக்கும் மினாக்சிடிலே முதலில் ரத்த அழுத்த மருந்துதான். சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி முளைத்ததால் தலைக்கு வந்தது.

மருந்தா, ஆபரேஷனா என்று ராத்திரியெல்லாம் படித்தேன். மருந்தை நிறுத்தினால் மீட்டதெல்லாம் சில மாதங்களில் போய்விடும். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலுறவு நாட்டத்தைக் குறைக்கும் என்ற பயம் வேறு. ஆபரேஷன் ஒரே தடவை, கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியாது. பின்மண்டையில் எடுத்து முன்னால் நடுகிறார்கள், அவ்வளவுதான். புதிதாக ஒரு முடிகூட உண்டாவதில்லை. நட்டது நிற்கும், சுற்றியிருக்கும் பழைய முடி தன் பாட்டுக்கு உதிரும். அதனால் ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் பெரும்பாலும் மருந்தைத் தொடரத்தான் சொல்கிறார்கள். சர்வரை மாற்றினால் பழைய பக் போய்விடும் என்று நம்புகிற மேனேஜர் மாதிரி இருந்திருக்கிறேன்.

2016 மே மாதம் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர், நகரத்தில் ஒரு மையத்தில் முடி நடவு செய்துகொண்டு, ஓரிரு நாளில் வேலூரில் இறந்தார். 22 வயது. அந்த மையத்திடம் இருந்தது சலூன் லைசென்ஸ் மட்டும்தான் என்று செய்தி வந்தது. யூடியூப் பார்ப்பதெல்லாம் இதற்குப் போதுமான பயிற்சி ஆகாது என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் எழுதியே சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது கம்பெனி பஸ்ஸில் ஒருவர் சொன்னார்: "மயிருக்காக உசுர விட்டிருக்கான் பாரு." பஸ்ஸே சிரித்தது. நானும்.

அவர் முடிக்காகச் சாகவில்லை, செய்யக் கூடாதவர்கள் செய்ததால் செத்தார் என்று எனக்குத் தோன்ற ரொம்ப நாளாயிற்று. அவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. என்னைப் பற்றிச் சொல்லலாம். கூப்பிடு தூரத்தில் சவீதா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அங்கே போகவில்லை, ஓபி க்யூவில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? ஃப்ளெக்ஸ் போர்டில் இருந்த ஒரு நம்பருக்குப் போன் போட்டேன். "செய்யறது டாக்டரா?" என்று கேட்கவில்லை. "வெளிய தெரியாதுல்ல?" என்றுதான் கேட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒளிகிறவன் வேறு எதைக் கேட்பான்?

காசு சேரவில்லை, அதனால் போகவில்லை. விவேகம் என்றெல்லாம் ஒன்றுமில்லை.

அந்த வருஷம் அம்மாவின் வேண்டுதலுக்காகத் திருத்தணியில் மொட்டை போட்டேன். திங்கட்கிழமை பஸ்ஸில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. "எந்தக் கோயில் தம்பி?" என்று விசாரித்து, ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் முடி வளர்ந்தது, நெற்றிக்கு மேலே மட்டும் வளரவில்லை. "என்னடா, முருகன் முன்பக்கத்தத் திருப்பித் தரலையா?" என்றார் அதே ஆள்.