தம் பெயர் எழுதாத தண்ணீர்ப் பந்தல்



திங்களூரிலே வாழ்ந்த அப்பூதியடிகள் வழிப்போக்கரின் தாகம் தீர்க்கத் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். அதற்குத் தம் பெயரை இடாமல், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை இட்டார். அவ்வழியே வந்த நாவுக்கரசரே, உமது பெயரை எழுதாது இன்னொருவர் பெயரை எழுதியது ஏன் என்று அவரிடம் வினவியதைப் பெரியபுராணம் கூறுகிறது.

நம் காலத்திலும் இத்தகைய தொண்டர் ஒருவர் வாழ்ந்தார். 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமியின் கைவிரல்களை முடக்குவாதம் கோணலாக்கியது. அந்தக் கைகளாலேயே கண் அறுவைச் சிகிச்சை பழகி, மதுரையில் அரசுப் பணியாற்றி, கிராமங்களில் கண் முகாம்கள் நடத்தினார். 1976இல், 58 வயதில் ஓய்வு பெற்றபின், 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கினார். பணம் செலுத்த இயன்றவர்கள் தரும் கட்டணத்தைக் கொண்டே இயலாதவர்களுக்கும் பார்வை கொடுத்தார். கணக்குப் படித்த எங்களைப் போன்றோர் வியக்கும் ஏற்பாடு இது. அவரும் தம் பெயரை இடவில்லை. தாம் போற்றிய ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே இட்டார்.

ஆலனில் வாழும் நம்மிற் சிலர் போரினால் ஊரை விட்டு வந்தவர்கள். வந்த புதிதில் படிவம் நிரப்பவும், பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கவும், தடுப்பூசி போடவும் ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் பொறுமையாக உதவினார். அவர் பெயர் நமக்கு நினைவில்லை. நாம் தண்ணீர் குடித்த பந்தல் அது.

இன்று நம் வீட்டுப் பிள்ளை ஒன்று, வசதி குறைந்த பகுதியில் ஆசிரியராகவோ, மாவட்டச் சுகாதார அலுவலகத்திலோ வேலை செய்ய விரும்பினால், சம்பளம் எவ்வளவு என்றுதான் முதலிற் கேட்கிறோம். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்கு அந்த அச்சம் இயல்பே. வீட்டுக் கடனும் உண்டு. ஊரிலுள்ள உறவுகளுக்கு அனுப்பவும் வேண்டும். ஆனால் அதனோடு, இந்த வேலையால் யாருடைய தாகம் தீரும் என்றும் கேட்போம். அதற்குப் பிள்ளையிடம் தெளிவான பதில் இருந்தால் நாம் தடுக்க வேண்டாம்.

வேறு தொழிலில் உள்ள பெரியவர்களுக்கும் வழி உண்டு. குறைந்த வருமானம் உடையோருக்கு இலவசமாக வரிப்படிவம் நிரப்பிக் கொடுக்கும் 'வீட்டா' தொண்டுத் திட்டம் இந்நாட்டில் 1969 முதல் நடைபெறுகிறது. பயிற்சி பெற்றுத் தேர்ச்சி அடைந்தால் நாமும் அதில் அமரலாம். எதிரே வந்து அமர்பவர் எந்த மொழி பேசினாலும், அவரைத் தாகத்தோடு வந்த அடியாராகவே எண்ணி உதவுவோம்.

எல்லாம் வல்ல இறைவன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அந்த மனத்தை அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.