உழைச்செல்வான்

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நின்றுவிடவில்லை. அருகிருந்து மருந்தூட்டிப் பேணுபவனையும் ஒரு கூறாக வைத்து, உழைச்செல்வான் என்று பெயரும் தந்தார். அந்தக் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், இவனிடம் இருக்க வேண்டிய பண்புகளையும் நான்காகவே கூறுகிறார்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடியே செய்யும் வன்மை, அறிவு. படிக்கும்போது இவை தம்முள் இணங்கிச் செல்வனபோலத் தோன்றும். வாழ்க்கையிலோ மூன்றாவதும் நான்காவதும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. சொன்னபடி செய்ய வேண்டியவன், தன் அறிவு வேறொன்றைக் கூறும்போது எதற்குக் கட்டுப்பட்டவன்?

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் இந்தக் கேள்வி விடியும் முன்னரே எழுந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸரே அங்கு உழைச்செல்வான். மருத்துவர் குறித்த நாளில் வந்து பார்த்துப் போவார். மற்ற நாள்களில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பாம்புக்கடியும் டிரஸ்ஸரின் பொறுப்பு. மலேரியா மலிந்திருந்த காலத்தில் பெரட்டுக் களத்திலேயே கொயினா கொடுத்து, அது தொண்டையில் இறங்கும்வரை நின்று பார்த்தவரும் அவரே. தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது 1965இல்தான். அதற்கு முன்பே சில தலைமுறைகள் அவர்கள் கையை நம்பி வாழ்ந்திருந்தன.

அவருக்குச் சம்பளமும் வீடும் தந்தது தோட்ட நிர்வாகம். காய்ச்சலோடு வந்து நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு விடுப்புச் சீட்டு எழுதினால், அன்று அவர் பங்கு மரங்கள் வெட்டப்படாமல் நிற்கும். சீட்டுகள் மிகுந்தால் துரையின் முகம் மாறும். எல்லா நோய்க்கும் ஒரே தண்ணீர் மருந்து என்னும் கேலி லயங்களில் பிறந்தது இதனால்தான். கேலியில் உண்மை இருந்தது. முழு உண்மை இல்லை. நோயை நடித்து வந்தோரும் இருந்தனர். அவர்களைப் பிரித்தறிய டிரஸ்ஸரிடம் இருந்தவை ஒரு வெப்பமானியும் பழகிய கண்களுமே.

கீழ்நிலையில் இருப்பவன் சொன்னதைச் செய்வதே அறம் என்பார் உண்டு. அரைகுறை அறிவு ஆளைக் கொல்லும் என்பது அவர்கள் வாதம். இதை எளிதில் தள்ளிவிட இயலாது. தன் கைராசியை நம்பி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய பிரசவத்தைத் தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளும் டிரஸ்ஸர் அறிவுடையவர் அல்லர், செருக்குடையவர். ஆயினும் உழைச்செல்வானின் அறிவு, மருத்துவனுடைய அறிவின் சிறிய துண்டு அன்று. அது வேறோர் அறிவு. மருத்துவன் நோயை அறிவான். இவன் நேற்றிரவை அறிவான். நோயாளி எத்தனை முறை தண்ணீர் கேட்டார், எந்த நேரத்தில் நாக்குழறியது என்பன இவனுக்கே தெரியும். அவற்றை எடுத்துச் சொல்வது கட்டளையை மீறுவதாகாது.

கட்டளையிடுபவர் மருத்துவராக இல்லாமல் துரையாக இருக்கும்போதுதான் சிக்கல். வேலை போனாலும் எதிர்த்து நில் என்று, பிள்ளைகளின் படிப்புக்கும் அந்தச் சம்பளத்தையே நம்பியிருந்தவரிடம் கோருவது வெளியில் இருப்போர்க்கு எளிது. அதைவிடக் குறைவான ஒன்றைக் கோரலாம்: வெப்பமானி 102 டிகிரி காட்டியிருக்க, பதிவேட்டில் 99 என்று எழுதாதிருத்தல். வேலைக்கு அனுப்பும் முடிவு துரையுடையதாக இருக்கலாம், எண் டிரஸ்ஸருடையது. உரையாசிரியர் கூறிய தூய்மை இங்கேதான் பொருள்படுகிறது. எனினும் இதை மிகையாகப் புகழ்வதற்கில்லை. பதிவேட்டில் சரியான எண் இருந்தமையால், காய்ச்சலோடு மேட்டுக்காட்டில் ஏறியவரின் உடல் குளிர்ந்துவிடவில்லை. சீட்டை எழுதித் தந்துவிட்டுத் துரையின் ஏச்சைத் தாங்கிக்கொண்டவர் செய்ததே அன்பு. மற்றது நேர்மை மட்டுமே.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் உதவியாளர் முன் இன்று துரை நிற்கவில்லை. குறித்த வேளையில் உடல் வெப்பத்தையும் நாடித்துடிப்பையும் அளந்து படிவத்தில் எழுத வேண்டும். நோயாளி அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். முந்திய அளவு மேல்வரியில் தெளிவாக இருக்கிறது. அதையே மறுபடி எழுதினால் கேட்பார் இல்லை. உதவியாளர் விளக்கொளி அவர் முகத்தில் படாதபடி மறைத்துக்கொண்டு, மெல்ல அவர் மணிக்கட்டைத் தொடுகிறார்.