கதிரொளியும் நடுவுநிலைமையும்

கதிரவன் ஒளிக்கு விலையில்லை. அதனை மின்சாரமாக்கும் கருவிக்கோ விலையுண்டு. அவ்விலையின் ஒரு பகுதியைச் சமுதாயம் ஏற்கும்போது, கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்னும் வினா எழுகின்றது. இது பொருளியல் வினா மட்டுமன்று, அறவினாவுமாகும்.

மலேசியா 2011-ஆம் ஆண்டில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் இயற்றியது. கூரையில் சூரியத் தகடு பதித்து மின்சாரம் விற்போர்க்கு 21 ஆண்டுகளுக்கு மாறா விலை உறுதி செய்யப்பட்டது. அதற்கான நிதிக்கென மின்கட்டணத்தின்மேல் 1 விழுக்காடு கூடுதலாகத் திரட்டப்பட்டது. 2014-இல் அது 1.6 விழுக்காடாயிற்று. திங்களுக்கு 300 அலகுக்கு மேற்படாத இல்லங்களுக்கு அன்று விலக்களிக்கப்பட்டது.

ஆயினும் ஒரு மறுப்பு எழுகின்றது. சொந்தக் கூரையும் கைம்முதலும் உடையவரே தகடு பதிக்க இயலும். அடுக்குமாடியில் வாடகைக்கு வாழும் பெரிய குடும்பம் 300 அலகைத் தாண்டிவிடின், வசதியுள்ளவர் கூரைக்கு அதுவும் பங்கு செலுத்துகின்றது. எளியவர் விளக்கின் எண்ணெயை எடுத்துச் செல்வர் மாடத்தில் ஊற்றுவது முறையாகுமா?

இதற்கு விடை இல்லாமலில்லை. மானியம் கூரைக்குரியவர்க்கு ஈந்த பரிசன்று. புதிய தொழில் வேரூன்றுவதற்கு ஊற்றிய நீராகும். ஆதலினாற்றான், பின்னர்ச் சேர்வோர்க்குரிய சூரிய மின்விலை ஆண்டுதோறும் 8 விழுக்காடு குறையுமெனத் தொடக்கத்திலேயே வகுத்தனர்.

அந்நீரின் பயனைத் துய்ப்போர் நாளை பிறப்போர். அவர்தம் நலனை எவ்வாறு அளப்பது? ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் நேரும் 100 வெள்ளி இழப்பை, ஆண்டுக்கு 3 விழுக்காடு கழித்துக் கணக்கிட்டால் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 23 வெள்ளி. 7 விழுக்காடு கழித்தாலோ 3 வெள்ளிக்குச் சற்று மேல். இழப்பு ஒன்றே, மதிப்போ ஏழு மடங்கு வேறுபடுகின்றது. அவ்விழுக்காட்டை இயற்கை நமக்கு வகுத்துத் தரவில்லை, நாமே தேர்கின்றோம். நம் பேரப் பிள்ளைகளை எவ்வளவு மதிக்கின்றோம் என்பது அவ்வோர் எண்ணிலே மறைந்து கிடக்கின்றது.

எனவே, கணக்கு அறத்திற்கு மாற்றாகாது. அறத்தின் விலையை நமக்குக் காட்டும் கண்ணாடியே அது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அத்துலாக்கோலின் ஒரு தட்டில் பிறவாத தலைமுறையும், மறுதட்டில் இன்றைய எளியவரும் உளர். மானியம் காலத்தோடு குறையவேண்டும். சுமை வசதிக்கேற்ப அமையவேண்டும். கூரையற்றவர்க்கும் பயனில் பங்கு வேண்டும். பேரனுக்காக மரம் நடுவது கடமை. அதற்குத் தண்ணீர் சுமக்கும் தோள் ஏழையின் தோளாக மட்டும் இருத்தலாகாது.