விதைத்த ஆசை யாருடையது?

ஒரு பொருளின் மேல் ஆசையை உண்டாக்குவதும் விளம்பரம், அந்த ஆசையைத் தீர்க்கப் பொருளைக் காட்டுவதும் விளம்பரம் என்றால், வாங்கியவர் தம் விருப்பப்படி வாங்கினார் என்று சொல்ல முடியுமா? பொருளியலறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த் 1958இல் முடியாது என்றார். உற்பத்தியாளரே ஊட்டி வளர்க்க வேண்டிய தேவை அவசரத் தேவையாக இருக்க வாய்ப்பில்லை என்பது அவர் வாதம். 1961இல் மற்றொரு பொருளியலறிஞரான ஃபிரெட்ரிக் ஹாயக் மறுத்தார்: இசையின் மேலும் இலக்கியத்தின் மேலும் உள்ள நாட்டமும் பிறர் ஊட்டியதுதான், அதனால் அது தாழ்ந்துவிடுமா? இந்த அளவில் ஹாயக்கின் பக்கமே நியாயம் இருக்கிறது. பசியும் தாகமும் போக, மனிதர் விரும்புவதில் பெரும்பகுதி பிறரைப் பார்த்து வந்ததுதான்.

ஆகவே ஆசை எங்கிருந்து வந்தது என்பதை விட்டு, எவ்வழியில் வந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1957இல் ஜேம்ஸ் விக்காரி என்ற சந்தை ஆய்வாளர், திரைப்படத்துக்கு நடுவே கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் வாசகங்களைக் காட்டிப் பாப்கார்ன் விற்பனையைக் கூட்டியதாக அறிவித்தார். அமெரிக்கா பதறியது. 1962இல் அவரே அது வெறும் பரபரப்பு வேலை என்று ஒப்புக்கொண்டார். மனத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைவது பற்றிய அச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் நல்ல விளம்பரம் வாசல் வழியாகவே வருகிறது.

மெய்யியலாளர் ரோஜர் கிரிஸ்ப் 1987இல் ஓர் உரைகல்லைத் தந்தார். தம் ஆசை எப்படி உருவாக்கப்பட்டது என்பதை முழுதும் அறிந்தபின் ஒருவர் அதை உதறிவிடுவார் என்றால், அது அவருடைய தன்னுரிமையை மீறி நுழைந்த ஆசை.

வைர மோதிரத்தில் இந்த உரைகல் தடுமாறுகிறது. வைர நிறுவனமான டி பியர்ஸுக்காக 1938 முதல் அமெரிக்காவில் பணியாற்றிய அயர் விளம்பர நிறுவனம், திரை நட்சத்திரங்களின் மோதிரங்களைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது; பள்ளி மாணவியரிடம் வைரத்தைப் பற்றிப் பேச ஆட்களை அனுப்பியது. 1947இல் அந்த விளம்பர நிறுவனத்தின் எழுத்தாளர் பிரான்சிஸ் கெரட்டி, வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். அதில் இரட்டை வேலை இருந்தது. காதலை நிலைத்த கல்லோடு பிணைத்தது ஒன்று. வாங்கியதைத் திரும்ப விற்க மனம் வராமல் செய்தது மற்றொன்று. பழைய கற்கள் சந்தைக்கு வந்தால் விலை சரிந்துவிடும் அல்லவா? 1980களில் வந்த விளம்பரங்கள் மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்று அளவே குறித்தன. டி பியர்ஸின் விளம்பரம் சென்ற ஜப்பானில் 1967இல் மணம் நிச்சயமான பெண்களில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே வைர மோதிரம் பெற்றனர். 1981இல் சுமார் அறுபது விழுக்காடு.

இந்தக் கதை முழுதும் தெரிந்த இளைஞனும் மோதிரம் வாங்குகிறான். அவன் ஏமாறவில்லை. வாங்காவிட்டால் பெண்ணும் அவள் வீட்டாரும் அதற்கு என்ன பொருள் கொள்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும். விளம்பரம் மாற்றியது ஒருவன் மனத்தை அல்ல, ஊரார் அனைவரும் ஒரு பொருளுக்குக் கொடுக்கும் அர்த்தத்தை. தனிமனிதனை மட்டும் சோதிக்கும் உரைகல்லில் அது படாது.

பௌத்தம் இந்த வழக்கை வேறு விதமாகத் தொடங்கும். மணிமேகலை அடுக்கும் பன்னிரு சார்புகளில் ஊறு, அதாவது புலன் தொடுகை, நுகர்வையும், நுகர்வு வேட்கையையும், வேட்கை பற்றையும் தோற்றுவிக்கின்றன. சார்பின்றித் தானே தோன்றிய ஆசை என்று அங்கே எதுவும் இல்லை. எனவே காக்கப்பட வேண்டிய சொந்த ஆசையும் இல்லை. இது ஹாயக்குக்குச் சாதகம்போல் தோன்றும். ஆனால் எல்லா ஆசையும் சார்பில் பிறப்பது என்றால், அந்தச் சார்புகளைத் திட்டமிட்டு அமைப்பவரின் வினையும் கணக்கில் வந்துவிடுகிறது.

சட்டம் இவ்வளவு தூரம் போவதில்லை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. அதற்குப் பொய்யான விவரமோ மறைக்கப்பட்ட உண்மையோ காட்டப்பட வேண்டும். அன்புக்கு ஒரு கல்லை அளவுகோலாக்கும் விளம்பரத்தில் சரிபார்க்கத்தக்க கூற்று எதுவும் இருப்பதில்லை.