தொலைநிலைப் படைக்கல்வியும் குருவின் பொறுப்பும்

ஆசிரியர் அருகில் இல்லாமல் கல்வி நிறைவுபெறுமா என்னும் வினா, அஞ்சல்வழியிலும் இணையவழியிலும் படைத்துறைப் பாடங்களை வகுப்போருக்கு நடைமுறைச் சிக்கலாகத் தோன்றினாலும், சைவ மரபு நெடுங்காலமாக ஆராய்ந்துவந்த மெய்யியல் வினாவே ஆகும். சிதம்பரத்தைத் தரிசித்தாலும், திருவாரூரில் பிறந்தாலும், காசியில் இறந்தாலும் முத்தி கிட்டும் என்று கூறும் மரபு, அருணாசலத்தை நினைத்தாலே அது கிட்டும் என்பதால், தொலைவு தடையன்று என்பது திருவண்ணாமலைக்குரிய கொள்கை எனலாம்.

ஆயினும் சைவ சித்தாந்தம் இதனை எல்லார்க்கும் பொதுவிதியாக்கவில்லை. குரு மாணவனின் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் செயலாகிய தீக்கையை, நயனம், பரிசம், வாசகம், மானதம், சாத்திரம், யோகம், ஔத்திரி என அது ஏழாகப் பகுக்கிறது. இவற்றுள் பரிசம் தொடுகையால் நிகழ்வது. மானதம் குருவின் நினைவால் நிகழ்வது. கரையிலிட்ட முட்டைகளை ஆமை நீரில் இருந்தபடியே நினைந்து பொரிக்கச் செய்யும் என்னும் மரபுவழி உவமை மானதத்திற்கு உரியது. எனவே, எதனை எவ்வழியில் கற்பிப்பது என்பதே உரிய வினாவாகிறது.

1870இல் சிம்லாவில் தொடங்கப்பெற்று இன்று புதுதில்லியில் இயங்கும் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன், பதவி உயர்வுத் தேர்வுகளுக்கும், நீலகிரி வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கும் அதிகாரிகளை அஞ்சல்வழிப் பாடங்களால் ஆயத்தப்படுத்திவருகிறது. போர் வரலாறு, படைச்சட்டம் போன்றவை நூலறிவைச் சார்ந்தவை ஆதலால், அவை எல்லைக் காவலில் இருப்பவரையும் குறைவின்றிச் சென்றடையும்.

ஏகலைவன் கதை இதன் எல்லையைக் காட்டுகிறது. துரோணரின் மண்ணுருவத்தின் முன் பயின்றே அவன் வில்வித்தையில் தேர்ந்தான் ஆதலால், திறன் தொலைவிலும் வாய்க்கும் என்பது தெளிவு. ஆனால் மாணவனாக ஏற்க மறுத்து, வளர்ச்சியைக் கவனியாது, கட்டைவிரலைக் காணிக்கையாக மட்டும் கேட்ட துரோணரின் செயல் அநீதியே. பாடத்தை அனுப்பிக் கட்டணமும் மதிப்பெண்ணும் மட்டும் கணக்கிடும் நிறுவனமும் அந்த நிலையிலேயே நிற்கிறது.

இதற்கு மாறாக, திருவண்ணாமலையில் மௌனத்தில் இருந்த ஞானி ரமணர், 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட வினாக்களுக்கு எழுத்திலேயே விடையளித்தார்; அவ்விடைகளே பின்னர் 'நான் யார்?' என்னும் நூலாயின. கேட்டவரின் வினாவுக்கே நேராக எழுதப்பட்டதால் அங்கே எழுத்து போதுமானதாயிற்று. பிரிட்டிஷ் படையில் மேஜராக இருந்த சாட்விக், பால் பிரண்டனின் நூலால் தூண்டப்பெற்று 1935இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரிடம் தங்கியதை நோக்கினால், நூல் தொடங்கிவைத்ததை அருகாமை நிறைவித்தது புலனாகும்.

ஆகவே, படைத்துறைத் தொலைநிலைப் பாடம் ஒவ்வொரு மாணவனின் விடையையும் ஆசிரியர் தனித்தனியே ஆராய்ந்து திருப்பியனுப்புமாறு அமைய வேண்டும். ஆயுதத்தை எப்போது எடுப்பது, எப்போது தவிர்ப்பது என்னும் தீர்ப்பறிவை ஆசிரியரின் நேர்பார்வையில் சோதித்த பின்னரே பயிற்சி முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.